நாலு விரல் ஆழம்

கிரீஸ் வாசனை முதலில் வந்தது, அதற்குப் பின்னால்தான் எஸ்தர் வந்தாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, பேனா. நகக் கண்ணெல்லாம் கறுப்பு. விடிந்ததும் டிரைவரை வைத்துக்கொண்டு உன் ரிப்பரைப் பொக்லைன் வண்டியிலிருந்து கழற்றியிருக்கிறாள். அதை மாட்டின இரும்புப் பின் இறுகிப்போய் வரவில்லையாம். டீசல் ஊற்றி ஊறவைத்துச் சம்மட்டியால் அடித்து எடுத்தார்களாம். அவள் உட்கார்ந்ததும் வீடு முழுக்க அந்த வாசனை நிறைந்துவிட்டது. பழைய கிரீஸ், ஈர மண், இரும்பு. நீயே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

"வர ஞாயித்துக்கெயம அவருக்கு மூணாம் வருஷ ஜெபம்ணா. ஆளாளுக்கு ரெண்டு வார்த்த பேசுவாங்க. நீ பேச மாட்ட, தெரியும். அதான் நீ சொல்லு, நா எழுதிக்கறேன். அன்னிக்கி நானே படிச்சிடறேன்" என்றாள்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். பேருந்தின் பலகையைக்கூட நிறத்தையும் வளைவையும் பார்த்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறேன். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் மனைவி எழுதுகிறாள். அவரிடம் பேசுகிற மாதிரியே சொல் என்கிறாள். சரி, உன்னிடமே பேசுகிறேன். ஆனால் உன்னிடம் நான் சொல்ல வேண்டியதை அவள் கையால் எழுதவைக்க வேண்டுமே, அதுதான் கஷ்டம்.

நோட்டைத் திறப்பதற்கு முன்னால் இன்னொரு காரியம் கேட்டாள். போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினாள். எல்லாம் ரிப்பர்.

"இதுல எத எடுக்கலாம் சொல்லுண்ணா. மத்தியானம் பழய வண்டிச் சாமான் யார்டுலேருந்து வண்டி வருது. பழசக் குடுத்துட்டு வேற எடுத்துக்கப் போறேன்."

"பழசுக்கு இன்னா கொற?"

"இன்னா கொறயா. அந்தக் கொம்பப் பாத்தாலே வவுறு எரியுது. நாலு விரலு அதாலதான வந்துச்சி. குட்டையா, ரெண்டு பல்லு வெச்சி, ஆயம் போவாத மாதிரி ஒண்ணு எடுத்துக்கறேன். இனிமே என் வண்டியப் பாத்து எவனும் அந்தப் பேரச் சொல்லக் கூடாது."

முதலில் எழுதும்மா, அதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தேன். தள்ளிவைப்பதில் நான் பழகினவன்.

ஜெபத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ரிப்பர் என்றால் என்னவென்று தெரியாது, சொல்லிவிடு என்கிறாள். பொக்லைன் வண்டியில் மண் அள்ளுகிற பக்கெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுகிற ஒற்றை இரும்புக் கொம்புதான் ரிப்பர். கல்லில் எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே குத்தி, தன் பக்கம் இழுத்துப் பெயர்ப்பது. பிரேக்கர் என்று இன்னொன்று உண்டு. அது நின்ற இடத்தில் தடதடவென்று அடித்து நொறுக்கும், பக்கத்து வீட்டுச் சுவரும் சேர்ந்து விரியும். உனக்கு அது பிடிக்காது. "கல்ல ஒடைக்காத அண்ணாத்த, அவுரு" என்பாய். கட்டின மூட்டையை அவிழ்ப்பது போல.

அந்தக் கொம்பை எடுக்க நாம் இரண்டு பேரும் போன நாள் எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. உத்திரமேரூரில் பேருந்து ஏறினோம். உன் மடியில் சாக்கில் சுற்றின வண்டிப் பின். யார்டுக்காரன் சொல்கிற அளவை நம்பக் கூடாது, நம் பின்னையே ஓட்டையில் விட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று அத்தனை கனத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாய். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, கொயந்தயா மடியில வெச்சிக்கினுகீற" என்றான். "இப்பதான் தூங்குது, எயுப்பாத" என்றாய். வாலாஜாபாத் வரும்வரை அவன் உன்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

யார்டில் இருபது முப்பது கொம்பு குப்புறக் கிடந்தன. யார்டுக்காரன் ஒரு பெரிய கொம்பைக் காலால் தட்டி, "இத எத்துக்கினு போ நைனா. இதப் பாத்தா கல்லு பயப்படும்" என்றான்.

"கல்லு பயப்படாது. என் வண்டிதான் பயப்படும்" என்றாய்.

அப்புறம் எனக்குச் சொன்னாய். நம்முடையது இருபது டன் வண்டி. முப்பது டன் வண்டிக்கு வார்த்த கொம்பை இதில் மாட்டினால் கல் எழும்பாது, வண்டியின் முன்பக்கம்தான் எழும்பும். குட்டைக் கொம்புக்கு இழுவை அதிகம், ஆனால் மேல்தோலைச் சீய்க்கும், அடிக்குப் போகாது. ரொம்ப நீளம் என்றால் அடிக்குப் போகும், இழுவை குறையும், வளைந்தாலும் வளையும். இரண்டு மூன்று பல் உள்ளது மக்கின மண்ணுக்குச் சரி, பாறைக்கு ஒற்றைப் பல்தான். நுனி தேய்ந்தால் நுனியை மட்டும் கழற்றி மாற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். இத்தனையும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நம்ம பக்கத்துப் பாறப் பாளம் எவ்ளோ கனம் இருக்கும்?" என்று கேட்டாய். நான் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை காட்டினேன். அந்த முழத்துக்கு ஒரு சாண் கூடுதலாக இருந்த கொம்பாகப் பார்த்துப் பொறுக்கினாய். நான் ஒரு கல்லை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். புது மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒன்று ஓட்டைப் பானை மாதிரி ஒலித்தது. விரிசலை வெல்டிங்கால் மூடியிருந்தான். நீ பொறுக்கினது கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. பின்னை விட்டுப் பார்த்தாய், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

ஒரு குறையும் இல்லாத கொம்பு. இதை எஸ்தர் அழுத்தி எழுத வேண்டும்.

நான் கிணறு வெட்டுகிறவனாக இருந்து உன் வண்டிக்கு முன்னால் நடக்கிறவனாக ஆனேன். கடப்பாரையால் பாறையைத் தட்டுவேன். ணங்கென்றால் முழுக்கல், விட்டுவிடு. தொப்பென்றால் உள்ளே இடுக்கு இருக்கிறது, கொம்பைப் போடு. அந்தக் கடப்பாரைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அளவு. நம் ஊரிலும் கீழூரிலும் எந்தக் கிணற்றுக்கும் ஆழம் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கயிறு கட்டி, கடப்பாரையைக் குத்திட்டு நிறுத்தி, கயிறு தொடுகிற இடத்தில் அரத்தால் ஒரு வெட்டு. யாரும் டேப்பைத் தேட மாட்டார்கள். கைநாட்டு வைக்கிறவன் நான். எனக்குக் கையெழுத்து என்று இருந்தது அந்தக் கடப்பாரைதான்.

வரத்துக் கால்வாய் இரண்டாகப் பிரிகிற இடத்துப் பாறை வேலைக்கு வருகிறேன். அந்தப் பாறையைத் தாண்டி ஏறுகிற தண்ணீர்தான் நம் ஏரிக்கு. ஏறாதது கீழூர் ஏரிக்கு. மழை குறைந்த வருஷங்களில் நமக்கு ஒரு சொட்டும் ஏறாமல் போக, இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசி, பாறையை ஒரு சாண் இறக்கிக்கொள்ளலாம் என்று கீழூர் ஒப்புக்கொண்டது. ஒரு சாண், அதற்கு மேல் ஒரு நூல் கூடாது. பக்கத்திலேயே பழைய கல் மதகு இருந்ததால் பிரேக்கர் ஆகாது, உன் ரிப்பர்தான் என்று முடிவானது. அளவுக்கு டேப் கொண்டுவரட்டுமா என்று ஒருவன் கேட்டான். கீழூர்ப் பெரியவர், "அவன் கடப்பார இருக்க டேப்பு இன்னாத்துக்கு" என்றார். இரண்டு கரையிலும் நட்டுவைத்த கல்லுக்குக் கல் கயிறு கட்டி, பாறைமேல் கடப்பாரையை நிறுத்தி, கயிறு தொட்ட இடத்தில் ஒரு வெட்டு, அதற்கு ஒரு சாண் மேலே இன்னொரு வெட்டு என எல்லார் கண்ணெதிரிலும் போட்டேன். வேலை முடிந்ததும் மேல் வெட்டு கயிற்றைத் தொட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

வேலைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. இடையில் ஒரு நாள் கடப்பாரையின் நுனி மழுங்கிக் கிடப்பதைப் பார்த்தேன். இரண்டு ஊர் ஜனம் நின்று பார்க்கப் போகிறது, மொண்ணைக் கடப்பாரையோடா போய் நிற்பது என்று நினைத்தேன். வெறும் வீம்பு. உத்திரமேரூர்ப் பட்டறையில் கொடுத்தேன். கொல்லன் நுனியில் புது எஃகுத் துண்டு வைத்துக் காய்ச்சி அடித்துக் கூர்போட்டுக் கொடுத்தான். பளபளவென்று இருந்தது. வெட்டுகள் இரண்டும் நடுவில் வைத்தது வைத்தபடி இருந்தன. நான் அதைத்தான் பார்த்தேன். நுனியைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு நீ வேலை செய்தது போல் நான் பார்த்ததே இல்லை. கொம்பு இடுக்கில் இறங்கும், வண்டி ஒரு மூச்சு முனகும், பாளம் வாழைப்பட்டை உரிகிற மாதிரி வரும். மதகில் ஒரு பொடிக்கல்கூட உதிரவில்லை. ஒரு கட்டத்தில் நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "போதும்னு தோணுது அண்ணாத்த, ஒரு வாட்டி வெச்சிப் பாரு" என்றாய். நான் இறங்கிக் கடப்பாரையை நிறுத்தினேன். மேல் வெட்டு கயிற்றுக்கு நாலு விரல் மேலே நின்றது.

"இன்னும் நாலு விரலு போவணும்" என்றேன்.

நீ பாறையைப் பார்த்தாய், கயிற்றைப் பார்த்தாய். "அப்டியா" என்றாய். அப்புறம், "நீ சொன்னா சரி" என்று கொம்பை மறுபடி இறக்கினாய்.

உன் கண் சரியாக இருந்தது. அந்த இடத்திலேயே ஒரு சாண் முடிந்திருந்தது.

அந்த மழைக்கு நம் ஏரி கார்த்திகை பிறக்கும் முன்பே ததும்பியது. கீழூர் ஏரி பாதிதான். கடைமடையில் கதிர் வாங்குகிற நேரத்தில் நெல் காய்ந்தது. கீழூரிலிருந்து டேப்போடு வந்தார்கள். பாறையின் பக்கவாட்டில் பழைய மட்டத்தில் தண்ணீர் நின்ற பாசிக் கோடு அப்படியே இருந்தது, அதிலிருந்து அளந்தார்கள். ஒரு சாணும் நாலு விரலும்.

கீழூர் நெற்களத்தில் கூட்டம். கடைமடைக்காரர் ஒருவர் காய்ந்த கதிர் ஒரு பிடி கொண்டுவந்து நடுவில் வைத்தார். வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். பெரியவர்தான் பேசினார். "கடப்பார தப்பு சொல்லாது. முப்பது வருசமா ரெண்டு ஊருக் கெணத்தயும் அளந்த கடப்பார. அந்தக் கொம்புதான் தின்னுகீது."

நீ எழுந்தாய். "கொம்பு இன்னா பண்ணும். புடிச்சவன் கைதான். கடசி இயுப்புல பாளம் ஒட்டிக்கினு வந்துச்சி, நா கவனிக்கல. என்னுது தப்பு" என்றாய்.

நான் கூட்டத்தின் ஓரத்தில் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தேன். குனிந்து பார்த்தேன். பழைய இரும்பும் புது எஃகும் சேர்கிற இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு. அதிலிருந்து நுனி வரை விரலை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பட்டறையில் கடப்பாரை அவ்வளவு நீண்டிருந்தது, வெட்டுகளும் அவ்வளவு மேலே போயிருந்தன. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ இன்னும் உட்காரக்கூட இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

திரும்பி வரும்போது உன் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பெருநகர் ரோட்டில் ஏறுகிற இடத்தில் நீ தலையைத் திருப்பாமலே கேட்டாய்.

"அண்ணாத்த, கடப்பாரய பட்டறைக்கு எத்துக்கினு போனியா?"

"இல்ல" என்றேன்.

"சரி" என்றாய்.

டீக்கடையில் நிறுத்தினாய். எனக்குச் சர்க்கரை கம்மி என்று நீயே சொன்னாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

பாறையில் நாலு விரலுக்குச் சிமெண்டு போட்டு அளவைச் சரி பண்ணிவிட்டார்கள். பாறை சரியானது, உன் பெயர் சரியாகவில்லை. அந்தக் கோடையில் கீழூர்க் கடைமடை நிலத்துக்கெல்லாம் சும்மாவே வண்டியை விட்டுச் சமன் பண்ணிக் கொடுத்தாய். செய்துகொண்டார்கள். செய்துகொண்டே "நாலு விரலு" என்று பெயரும் வைத்தார்கள். நாம் உள்ளே நுழைந்தால் டீக்கடைக்காரன், "நாலு விரலு வந்துகீறாரு, டம்ளர்ல நாலு விரலு கொறச்சி ஊத்து" என்பான். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன். மெல்ல மெல்ல வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். அளவு வேலை என்றாலே வேறு வண்டி. என்னை மட்டும் கடப்பாரையோடு கூப்பிட்டார்கள். இடுப்பு வலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். அப்புறம் உனக்கு நெஞ்சு நோவு, படுக்கை, அந்த வைகாசி.

இதை எழுதுகிறவள் பட்டறை என்ற இடத்திலேயே ஒரு தரம் நின்றாள். நிறுத்தாமல் எழுது என்றேன். "இல்ல" என்று நான் சொன்ன இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இது வரைக்கும் மூடிவைத்ததை ஏன் இன்றைக்குச் சொல்கிறேன் என்றால், புள்ளலூர்ப் பக்கம் அவள் ஒரு கிணற்று வேலை பேசியிருக்கிறாள். அந்தப் பாளம் முழக் கனம். நான் போய்ச் சம்மட்டியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ரெண்டு பல் குட்டைக் கொம்பு அங்கே மேல்தோலைச் சீய்த்துக்கொண்டு கிடக்கும். இந்த வேலையும் கெட்டால் வண்டியை விற்கிறதைத் தவிர அவளுக்கு வழியில்லை. உன் கொம்புதான் வேண்டும் என்று நான் சொன்னால், அப்போது நாலு விரல் எப்படி வந்தது என்று கேட்பாள். கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அவள் பேசினதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

"அவருக்குத் தெரியுமா?"

"கேட்டான். இல்லன்னேன்."

"இல்லன்னதும் இன்னா சொன்னாரு?"

"சரின்னான்."

"அவரு சரின்னா ஒத்துக்கினாருன்னு அர்த்தமில்ல. இருவது வருசம் குடித்தனம் பண்ணவ நானு." கையிலிருந்த கிரீஸைப் புடவையிலேயே துடைத்தாள். "வூட்டுல படுத்துக்கினு இருந்தப்ப நீ தெனம் வந்தண்ணா. எளநி வெட்டிக்கினு வருவ. அத்தோட இதயும் கொண்டாந்து குடுத்திருக்கலாம்."

எழுந்து வெளியே போனாள். யாருக்கோ போனில், "வண்டி வரவாணாம், நா பழசயே வெச்சிக்கறேன்" என்று சொன்னது கேட்டது. கொஞ்ச நேரத்தில் உன் வீட்டுப் பக்கமிருந்து சம்மட்டிச் சத்தம். பின்னை ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கொம்பு நின்று ஒலித்தது. யார்டில் நாம் கேட்ட அதே ஒலி. உள்ளே ஒரு விரிசல் இல்லை.

திரும்பி வந்து நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சொல்லு, முடி" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெயம இத நா படிக்க மாட்டேன். கீழூர்க்காரங்களும் வருவாங்க. நீ எயுந்து நின்னு உன் வாயால சொல்லு. எயுதனது எங்கிட்ட இருக்கட்டும். ஒரு வார்த்த மாத்திச் சொன்னாலும் எனக்குத் தெரிஞ்சிடும்."

சரி என்றேன். என் சரிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அந்தப் பெரியவர் இன்னும் இருக்கிறார், கோல் ஊன்றி வருவார். கதிரைக் கொண்டுவந்து வைத்தவரும் வருவார். என் வாய் எழும்புமா, தெரியவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டுதான் போவேன். நெற்களத்திலிருந்து வந்த நாளிலிருந்து அது கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது. ஒரு கல்லில்கூட நான் அதை வைக்கவில்லை. அதனால் அது தேயவும் இல்லை. இப்போதும் எடுத்து மடியில் வைத்திருக்கிறேன். கோட்டிலிருந்து நுனி வரை விரலை வைத்துப் பார்த்தேன். சரியாக நாலு.